ஹாலில் நின்றுபோன ரேட்டு

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பஸ்ஸில் கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லி இறங்கச் சொன்னாலும், வெளியே பெயர்ப் பலகையைப் பார்த்த பிறகுதான் காலைக் கீழே வைப்பேன். வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவேன். திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். சந்தேகப் பிராணி என்று என் மனைவி எனக்குப் பெயரே வைத்திருந்தாள். ஆனால் நான் செய்த தொழிலுக்கு அந்தக் குணம் தேவைப்பட்டது. கம்ப்யூட்டர்களைக் கேபிளில் கோத்து ஒன்றோடொன்று பேசவைக்கும் வேலை. எந்த வயரையும் நம்பாதவன்தான் அதில் பிழைப்பான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருஷங்களில் ஷேர் மார்க்கெட் ஏறிக்கொண்டே இருந்தது. விருத்தாசலத்தில் சூளை வைத்திருந்தவர், பல் டாக்டர், வேப்பூரில் லாரி விட்டுக்கொண்டிருந்தவர், கருவேப்பிலங்குறிச்சியில் கரும்பு போட்டவர் என்று எல்லாருக்கும் அதில் ஆசை வந்துவிட்டது. மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் ஒருவர் ஷேர் ஆபீஸ் திறந்தார். அதற்கு முன் உரக்கடை வைத்திருந்தவர். மொட்டை மாடியில் பெரிய டிஷ் ஒன்றை நிறுத்தி, மும்பையில் மாறுகிற ரேட்டு மாறிய கையோடு இங்கே தெரிகிற மாதிரி செய்துவிட்டார்கள். அந்த ரேட்டை டிஷ்ஷிலிருந்து ஆபீஸில் இருக்கிற ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் கொண்டுபோகிற வேலை எனக்கு வந்தது.

அதுவரை நான் செய்ததெல்லாம் பிரவுசிங் சென்டர், ஸ்கூல் லேப், வக்கீல் ஆபீஸ். அங்கே லைன் நின்றால் வந்தவர்கள் முணுமுணுத்துவிட்டு எழுந்து போவார்கள். இங்கே ஒரு கணம் பிந்தினாலும் ஒருத்தர் வயிறு எரியும். அது தெரிந்தேதான் ஒத்துக்கொண்டேன். இது நன்றாக ஓடினால் நெய்வேலி, பண்ருட்டி என்று அடுத்தடுத்து வேலை வரும். எனக்குக் கடையும் கிடையாது, போர்டும் கிடையாது. ஊரில் இருக்கும் பெயர்தான் போர்டு. அது கெட்டால் மறுபடி ஆரம்பிக்க வேறு ஊர்தான் பார்க்க வேண்டும்.

ஆபீஸ் அமைப்பு எளிமையானது. ஒரு கண்ணாடி அறை. அதில் சர்வரும், ஆர்டர் போடுகிற டீலரின் மெஷினும். வெளியே ஹாலில் நீளமான மேசையில் நாலு ஸ்கிரீன்கள், வருகிறவர்கள் பார்ப்பதற்கு. கண்ணாடி அறையிலிருந்து ஒரு கேபிளை இழுத்துவந்து, மேசையின் நடுவே அடியில் ஒரு ஹப் வைத்தேன். ஹப் என்பது உள்ளங்கை அகலப் பெட்டி. ஒரு வயரில் வருவதை நாலு வயருக்குப் பிரித்துக் கொடுக்கும். நன்றாக இருந்தால் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும். அதற்குக் கரண்ட், பக்கத்திலேயே தரையில் கிடந்த, ஸ்விட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து.

செருப்பைப் படியிலேயே விட வேண்டும் என்று நான் ஒரு சட்டம் போட்டேன். பீங்கான் சூளைகள் நிறைந்த எங்கள் ஊரில் யார் செருப்பைத் தட்டினாலும் வெள்ளையாகப் பீங்கான் மண் உதிரும். அந்தத் தூசி மெஷினுக்கு ஆகாது. நான் சொன்னபோது யாரும் கேட்கவில்லை. உள்ளே மகாலட்சுமி படம் இருக்கிறது என்று ஓனர் சொன்னதும் எல்லாரும் கழற்றிவிட்டு வந்தார்கள்.

முதல் சில வாரங்கள் நிம்மதியாகப் போயின. பிறகு ஒரு நாள் போன் வந்தது.

"ஏம்ப்பா, இன்னா வேல பாத்து வச்சிருக்க? வந்து பாரு, இங்க அடிதடி ஆவற மாதிரி இருக்குது" என்றார் ஓனர்.

போனபோது பல் டாக்டர் டீலரின் கண்ணாடி அறையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஹால் ஸ்கிரீனில் ஒரு ரேட்டைப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறார். அது அப்போதைய ரேட்டு இல்லை, ஏறிவிட்டது என்று டீலர் சொல்லியிருக்கிறார். டாக்டர் ஸ்கிரீனைக் காட்டினார். டீலர் தன் ஸ்கிரீனைக் காட்டினார். இரண்டும் வேறு வேறு. நான் பார்ப்பதற்குள் ஹாலில் ரேட்டு மறுபடி ஓட ஆரம்பித்து, இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இதில் ஒரு கேடு இருக்கிறது. கேபிள் அறுந்தால் ஸ்கிரீன் இருண்டு போகாது. கடைசியாக வந்த ரேட்டைக் காட்டியபடி அப்படியே நிற்கும். மூலையில் கடிகாரம் ஓடும், மவுஸை அசைத்தால் அம்புக்குறி நகரும். உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கும், ரேட்டு மட்டும் செத்திருக்கும். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

அது அடிக்கடி நடக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரம் நிற்கும், நான் சைக்கிளை மிதித்து வந்து சேர்வதற்குள் சரியாகிவிடும். உள்ளே டீலருடைய ஸ்கிரீன் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஊருக்கு அது போதாதா? உள்ளே நல்ல ரேட்டு, வெளியே பழைய ரேட்டு, இடையில் இருப்பதை ஓனர் அள்ளுகிறார் என்று பேச்சு கிளம்பியது. அப்புறம் அந்தப் பேச்சில் என் பெயரும் சேர்ந்துகொண்டது. "வயரு போட்டவன் ஒத்துக்காம இது நடக்குமா?" என்று லாரிக்காரர் டீக்கடையில் சொன்னது, டீ ஆறுவதற்குள் என் காதுக்கு வந்துவிட்டது. நெருப்பில்லாமல் புகையாது என்றாராம் இன்னொருவர்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? என் பங்குக்கு எல்லாரையும் சந்தேகப்பட்டேன். முதலில் வயரைக் கடிக்கிற எலி. பிறகு ஹப். பிறகு நானே முறுக்கிப் போட்ட கேபிள் முனைகள். எலிப்பொறி வைத்தும், மற்றதையெல்லாம் மாற்றியும் ரேட்டு நின்றது. அதனால் மனிதர்களுக்கு வந்தேன். வேலை ஆரம்பித்த புதிதில் ஓனர் சிரித்துக்கொண்டே, "நம்ம ஸ்கிரீனு மட்டும் கொஞ்சம் முன்னாடி வர்ற மாதிரி பண்ண முடியுமா தம்பி?" என்று கேட்டிருந்தார். அப்போது விளையாட்டாகத் தெரிந்தது. இப்போது படுக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. டீலர் இன்னும் மோசம். யார் எவ்வளவு திட்டினாலும் முகம் மாறாமல் "சாரி சார்" என்பார். இப்படிப்பட்ட ஆள்தான் சத்தமில்லாமல் கழுத்தறுப்பான் என்று எனக்குத் தோன்றும். கூட்டிப் பெருக்க வருகிற அம்மாவைக்கூட விடவில்லை. நான் வந்தால் அவர் துடைப்பத்தை வைத்துவிட்டு வெளியே போவதற்கு ஒரு அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஓனருக்கு என் மேலேயே சந்தேகம். அடிக்கடி வர வேலை வேண்டும் என்று நான்தான் எதையோ அரைகுறையாக விட்டுவைத்திருக்கிறேனாம். ஒரு திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் சொன்னார்.

"இந்த வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள சரியாவலன்னா கடலூர்லேருந்து ஆளக் கூட்டியாந்து ஒன் வயரையெல்லாம் பிரிச்சுப் பாக்கச் சொல்லுவேன். அவன் உள்ளதச் சொல்லட்டும், ஊரு தெரிஞ்சுக்கட்டும்."

ஹாலில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நடு ஸ்கிரீன்கள் இரண்டில் ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்த சூளைக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற யூனிட் வைத்திருந்தவர். காலையில் மார்க்கெட் திறக்குமுன்பே வந்து அந்த நடு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். ரேட்டு இறங்கினாலும் உதடு துடிக்கும், ஏறினாலும் துடிக்கும். கால் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். வாங்கச் சொல்லிவிட்டு, மூச்சு விடுவதற்குள் விற்கச் சொல்வார். பதினோரு மணி வாக்கில் அவருடைய வீட்டம்மா சாப்பாட்டுக் கூடையும் ஒரு சொம்பு மோரும் எடுத்துக்கொண்டு படியேறி வருவார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்துவிட்டுப் போவார். யாரோடும் பேசமாட்டார். சந்தேகப்பட்ட ஆட்கள் வரிசையில் நான் சேர்க்காதது அந்த அம்மா ஒருவரைத்தான்.

செவ்வாய்க்கிழமை என் லேப்டாப்பைக் கண்ணாடி அறையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹாலில் இருக்கும் நாலு மெஷினையும் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்படி செய்தேன். இருக்கிறாயா என்று கேட்டால் இருக்கிறேன் என்று அவை பதில் சொல்லும். காலையெல்லாம் ஒழுங்காகப் பதில் வந்தது. பதினோரு மணிக்கு மேல் திடீரென்று நாலும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டன. நாலும் ஒரே நொடியில் போனால் தனித்தனிக் கேபிள் காரணமில்லை; உள்ளிருந்து வரும் கேபிளின் முனைகளையும் ஏற்கெனவே மாற்றியாயிற்று. ஹப்புக்குக் கரண்ட் போகவில்லை என்று அர்த்தம்.

எழுந்து ஓடினேன். மேசை வரை போய் அப்படியே நின்றுவிட்டேன். ஏனென்றால் அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து டம்ளரில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஹப் அவர் காலடியில். பொம்பளை உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஆம்பளை மேசைக்கு அடியில் தலையை விடலாமா? ஏற்கெனவே திருடன் என்கிறார்கள். அதற்கு மேல் இது வேறு வேண்டுமா? எழுந்திருங்கள் என்று அந்த வயதுக்காரரிடம் சொல்லவும் நாக்கு வரவில்லை. ஓரமாக நின்றேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்ததும் குனிந்தேன். பச்சை விளக்குகள் நன்றாக மினுக்கிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் இதேதான் நடந்திருக்கிறது. நான் வரும்போதெல்லாம் அவர் உட்கார்ந்திருப்பார், நான் மரியாதைக்கு ஒதுங்கி நிற்பேன், அவர் போன பிறகு பார்ப்பேன், எல்லாம் சரியாக இருக்கும். ஊரே ஒருவரை ஒருவர் திருடன் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒரே இடத்தை மட்டும் பார்க்கக்கூடாத இடம் என்று நானே கோடு போட்டு வைத்திருந்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

ஹால் சுவரின் கீழ்ப்பாதிக்கு ஓனர் வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருந்தார், வருகிறவர்களின் மண் கை பட்டால் துடைத்துவிடலாம் என்று. மேசை அந்தச் சுவரை ஒட்டிக் கிடந்தது. புதன்கிழமை நான் வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்தேன். அங்கிருந்து யார் காலையும் பார்க்க வேண்டாம். டைல்ஸில் பச்சை விளக்கின் பிரதிபலிப்பு தெரிந்தது. அது போதும்.

அந்த அம்மா வந்தார். மோர் ஊற்றினார். சூளைக்காரரின் கால் தாளம் போட ஆரம்பித்தது. ஒரு ஷேரைப் பார்த்து அவர் கழுத்து முன்னால் நீண்டது. டீலரைக் கூப்பிட வாய் திறந்தது. டைல்ஸில் பச்சை அணைந்தது. கூடவே மெட்டி போட்ட ஒரு கால்விரலின் நிழல் ஸ்விட்ச் பக்கமிருந்து பின்வாங்கியது. ஸ்கிரீன்கள் நின்றன. சூளைக்காரர் ஆர்டர் சொன்னார், ரேட்டு அது இல்லை என்றார் டீலர், வழக்கமான சண்டை தொடங்கியது. சண்டை முடிவதற்குள் சூளைக்காரருடைய கால் தாளம் நின்றுவிட்டது. அம்மா தட்டை முன்னால் நகர்த்தினார். அவர் சாப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில் டைல்ஸில் மறுபடி பச்சை.

கண்டுபிடித்தாயிற்று. அங்கேயே எழுந்து நின்று சொல்லியிருந்தால் என் பெயர் அந்த நிமிஷமே சுத்தமாகியிருக்கும். சொல்லத்தான் எழுந்தேன். அந்த அம்மா சிந்திய மோரை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அவர் கிளம்பியதும் பின்னாலேயே இறங்கினேன்.

படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம், "அக்கா, அந்த ஸ்விட்ச அணைக்காதீங்க" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"பாத்துட்டீங்களா தம்பி" என்றார். "ஒரு நாளு பெருக்குற அம்மாவோட தொடப்பம் பட்டு அது அணஞ்சிபோச்சு. ஸ்கிரீனு நின்னுது. அன்னைக்குத்தான் அவரு தட்டப் பாத்து சாப்புட்டாரு. அதுக்கு முன்ன ஒரு வாய் வைப்பாரு, ஏந்திரிச்சி ஓடுவாரு. பதட்டத்துலதான் கன்னாபின்னான்னு போட்டுடறாரு. சூள பத்த வச்சி எத்தினி நாளாவுது தெரியுமா? மண்ணு வாங்க வச்சிருந்ததெல்லாம் இங்கதான் வருது. வூட்ல சொன்னா கேக்கறதில்ல. நான் எதத்தான் நிறுத்துறது? அத நிறுத்துனேன்."

"அது அவரோடது மட்டும் நிக்கலக்கா. எல்லாரோடதும் நிக்குது. என்னத் திருடங்கறாங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோது, இது அவருக்கு நிஜமாகவே தெரியாது என்று புரிந்தது. புருஷன் முகத்தைத் தவிர வேறு ஸ்கிரீனை அவர் பார்த்ததே இல்லை. மேலே நடக்கும் சண்டையையும் மார்க்கெட் என்றால் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறார்.

"ஒங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டனா" என்றார். "இனிமே தொட மாட்டேன் தம்பி. சத்தியமா." கூடையை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தார். அவரை நம்பினேன். எனக்கு அது புது அனுபவமாக இருந்தது.

மறுநாள் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கால் இரண்டையும் ஸ்டூலின் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேட்டு ஓடியது. சூளைக்காரர் ஒரு வாய்கூட வைக்காமல் கண்ணாடி அறைக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டிருந்தார். சாதத்தில் ஊற்றிய குழம்பு காய்ந்தது. அந்த அம்மா மூடியெடுத்துக்கொண்டு போனார். என் பெயர் பிழைத்துக்கொண்டது, சந்தோஷப்பட முடியவில்லை.

அன்று மார்க்கெட் மூடியதும் வேலையை ஆரம்பித்தேன். புது ஹப் ஒன்றைக் கண்ணாடி அறைச் சுவரில் ஆள் உயரத்தில் அடித்தேன். அங்கிருந்து மூன்று ஸ்கிரீனுக்கு நேரடியாகக் கேபிள் இழுத்தேன். அதை இனி யார் காலும் தொடாது. நாலாவது கேபிளை மட்டும் மேசைக்கு அடியில் கொண்டுபோய்ப் பழைய ஹப்பில் சொருகினேன். அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதே ஸ்விட்ச். அந்த ஹப்பிலிருந்து ஒரே ஒரு வயர், நடு ஸ்கிரீனுக்கு. ஏன் இப்படி என்று ஓனர் கேட்கவில்லை. பழைய ஹப்பில்தான் கோளாறு, மாற்றிவிட்டேன் என்று சொன்னேன். வேண்டுமென்றே ஸ்கிரீனைப் பிந்தவைக்கிற ஆள் என்று ஊர் சொன்னதே, அது அன்றைக்கு உண்மையாகிவிட்டது. மறுநாள் படியில் அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "இப்ப அவரோடது மட்டுந்தான் நிக்கும்" என்றேன். அவர் கூடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனார்.

வெள்ளிக்கிழமையும் போயிற்று, அடுத்த வாரமும் போயிற்று. மூன்று ஸ்கிரீன்கள் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கடலூர் ஆள் வரவில்லை. ஊர் நம்பியதா என்றால் அதுதான் இல்லை. "நாம போட்ட சத்தத்துல பயந்துட்டானுவோ" என்றார் லாரிக்காரர். இருந்தாலும் அவரே தன் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சூளைக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வாசலிலேயே வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டேன். வேண்டாம் என்று நின்றபடியே பேசினார்.

"எல்லாரோடதும் ஓடுது. என்னுது மட்டும் அப்பப்ப நிக்குது. நீங்கதான தம்பி மாத்துனீங்க?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். மெஷின் பழசு என்று ஒரு பதிலைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். "ஆமாங்க" என்றேன். ஆபீஸ் முழுக்கச் சொல்லப்போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"பக்கத்து ஸ்கிரீனு இத்தினி தூரந்தான்" என்று ஒரு சாண் காட்டினார். "கண்ண லேசா திருப்புனா ஓடற ரேட்டு தெரியும். திருப்ப மாட்டேன். அவ கால வைக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கா. எல்லாரோடதும் நிக்கும்போதே எனக்குத் தெரியும் தம்பி. நீங்க அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் பேச்சு வாங்கும்போதும் தெரியும். சொல்லத்தான் வாய் வரல. சொன்னா அவ நிறுத்திடுவா. நானா வாங்கி விக்கறத நிறுத்த எனக்கு வரல."

எனக்குக் கோபம் வர வேண்டும். என்னைத் திருடன் என்றபோது தெரிந்தே தலையைக் குனிந்துகொண்டிருந்தவர். ஆனால் வரவில்லை. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார்.

"அந்த ஸ்விட்சு லூஸாயிடுச்சு. நேத்து அவ ரெண்டு மூணு தடவ அமுக்கியும் அணையல. மோரு ஊத்தறப்ப கையி நடுங்குது அவளுக்கு. நல்லதா ஒண்ணு மாத்திடுங்க தம்பி, அவளுக்குத் தெரிய வாணாம்."

திங்கட்கிழமை மார்க்கெட் திறக்குமுன் போய் மாற்றினேன்.